மேடம் இன்னும் சாப்பிடவில்லை

நம் ஜனங்களிடம் "சாப்பிட்டாச்சா?" என்ற கேள்விக்கு "இன்னும் இல்லை" என்று பதில் சொல்பவர், நடப்பது எதுவானாலும் தாங்கிக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும். இதை ஒரு கணினிக்குச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் எனக்கே முழுதாக விளங்கியது.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் இயங்கும் எங்கள் மென்பொருள் நிறுவனம் சிறியது. பெருந்தொற்றுக் காலத்திலிருந்து எல்லோருக்கும் வீட்டிலிருந்தே வேலை. நான் உலு திராமில், யூசுப் பாலோவில், கஸ்தூரி தொலைவில் கடலோர மெர்சிங்கில், முதலாளி புவனா மேடம் நாங்கள் ஜேபி என்று சுருக்கும் ஜொகூர் பாருவில். "ஒருத்தரை ஒருத்தர் தெரியாமலே வேலை செய்றீங்க. எல்லாரும் ஆபீசுக்கு வந்துருங்க," என்றார் மேடம் ஒருநாள். கஸ்தூரிக்கு அது வேலையை விடச் சொன்னதற்குச் சமம். பக்கவாதத்தில் பேச்சுப் போன அப்பாவை விட்டு அவள் எங்கே வருவாள்?

நான் முந்திரிக்கொட்டையாக முன்னால் வந்தேன். "எல்லாரையும் நெருக்கமாக்க ஒரு செயலி செய்றேன், மேடம்."

"சரி தம்பி. ஒருநாள் நானே யூஸ் பண்ணிப் பாக்கறேன். பிடிச்சா வீட்டுலயே இருங்க."

செயலி மதியம் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கும். இரண்டே பொத்தான்கள்: "ஆச்சு", "இன்னும் இல்லை". இல்லை என்றால் சக ஊழியர்களுக்குச் செய்தி போகும். அவர்கள் வீட்டாருக்கும் போகும், சாப்பிடாதவரின் முகவரியோடு. (முகவரி எதற்கு என்று கேட்காதீர்கள். அன்று அது மேதைமையின் உச்சமாகத் தெரிந்தது.)

நாளைத் தேர்ந்தெடுத்தவனும் நானே. தேதி விஷயத்தில் நான் புலி. எங்கள் தெருவுக்கு எந்தக் கிழமை தார் போட்டார்கள் என்றுகூடச் சொல்வேன். தீபாவளி கழித்து, பொது விடுமுறை ஏதும் குறுக்கிடாத நாளாகப் பார்த்துப் பொறுக்கினேன். கந்த சஷ்டி பொது விடுமுறை இல்லையே!

அன்று பிற்பகல் எல்லோரும் வீடியோ கூட்டத்தில் இருந்தோம். மேடம் வீட்டு மணி அடித்தது. போனும் கையுமாகப் போய் ஒரு பொட்டலத்தோடு திரும்பினார்.

"யாரோ பிரியாணி அனுப்பியிருக்காங்க."

"நான்தான் மேடம்!" யூசுப் பூரித்தார். "ஜேபியில எங்க அண்ணன் கடை. மட்டன் லா, ஆறறதுக்குள்ள சாப்பிடுங்க."

"யூசுப், இன்னைக்கு எனக்கு சஷ்டி விரதம்."

"அலமாக்!" யூசுப் பதறினார். "அப்புறம் ஏன் மேடம் 'இன்னும் இல்லை'ன்னு அமுக்கினீங்க?"

"விரதத்துல பொய் சொல்லச் சொல்றீங்களா?"

மறுபடி மணி. இம்முறை என் மனைவி மலர் அனுப்பிய நண்டுப் பிரட்டல். நான் என் கேமராவை அணைத்தேன்.

மாலையில், கூட்டம் முடியும் தறுவாயில், வாசலில் ஒரு மீன் லாரி. ஓட்டுநர் மீன் அடுக்கிய ஓர் ஐஸ் பெட்டியை இறக்கிவைத்தார். மேடம் கையிலிருந்த போன் வழியே அவர் குரல் எங்களுக்கும் கேட்டது.

"மெர்சிங்லேருந்து வர்றேங்க. எங்க பக்கத்து வீட்டு மாமா அனுப்பினாரு. அவருக்குப் பேச வராது. போன்ல உங்க பேரைக் காட்டினாரு, கையை வாய்க்கிட்ட கொண்டுபோய்க் காட்டினாரு. இதை ஏத்தற வரைக்கும் என்னை வண்டிய எடுக்க விடல."

"அப்பாவா?" என்றாள் கஸ்தூரி.

நான் எழுதியது ஒரு கேள்வியும் இரண்டு பொத்தானும் மட்டுமே. முகம் தெரியாத ஒரு பெண் பசியோடிருக்கிறாள் என்று, வாய் பேச முடியாத ஒருவர் ஒரு லாரியையே மறித்திருக்கிறார். அதை எந்த வரியிலும் நான் எழுதவில்லை. இவ்வளவு பெரிய ஒன்றின் முன்னால் அவ்வளவு சின்னவனாக நான் அதற்குமுன் இருந்ததில்லை.

மேடம் பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார். நான் மனதுக்குள் ராஜினாமா எழுதிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, இந்தச் செயலியை இன்னைக்கே கழட்டிருங்க."

"சரி மேடம்," என்றேன் நான். கஸ்தூரி தலைகுனிந்தாள்.

"ஆபீசும் வேணாம். இவ்ளோ தூரத்துல இருந்தே இப்படி ஊட்டறவங்க பக்கத்துல வந்து உட்கார்ந்தா, நான் ஜென்மத்துக்கும் விரதம் இருக்க முடியாது."

கஸ்தூரி இன்றும் மெர்சிங்கிலிருந்துதான் வேலை செய்கிறாள். நான் எந்தப் புதுச் செயலியைச் செய்ய உட்கார்ந்தாலும் மலர் அடுப்படியிலிருந்தே கேட்பாள்: "இந்தத் தடவை யார் விரதத்தைக் கலைக்கப் போறீங்க?"