வட்டுக்கு நாடி பார்த்த வரலாறு

அந்த மாடிப்படியில் காலை முதலே கூட்டம். நோயுற்ற குழந்தையை ஏந்தி வருவோரைப்போல, மடிக்கணினியைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்து மாந்தர் வரிசையில் நின்றனர். ஒருவர் தம் கணினிக்கு இருமல் என்றார். மற்றொருவர் தம்முடையதற்கு ஓயாத சுரம் என்றார். மேலே அறையில் வீற்றிருந்தவர் 'நாடியார்'. மருத்துவரின் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டி, கணினியின் முதுகில் வைத்துக் கண்மூடுவார். நோய் வெளிவரும், நம் பையிலிருந்து காசும் வெளிவரும். கணினியைத் திறந்து மட்டும் பார்க்கமாட்டார். திறந்து பார்ப்பவன் வெறும் மெக்கானிக்காம்.

அவ்வரிசையில் நின்ற அறிவிலிகளுள் தலையாய ஒருவன் இருந்தான். யாப்பு அறிந்தவன், பதிகம் பாடாமல் பச்சைத்தண்ணீர் பருகாதவன். பழம்பாடல்களுக்கு ஆண்டுக்கணக்காய் அவன் எழுதிய உரை முழுவதும் அந்த ஒரே கணினியில்தான் இருந்தது. வேறு படி இல்லை. அப்பெருந்தகை அடியேனே.

சில நாளாய் என் கணினி கோப்பைத் திறக்கச் சொன்னால் தவத்தில் ஆழ்ந்துவிடும். உள்ளிருந்து 'டக் படக், டக் படக்' என்றோர் ஓசை. பிறர் அஞ்சியிருப்பர். நானோ செவி சாய்த்து அசை பிரித்தேன். கூவிளம், கூவிளம்! வெண்டளைகூடப் பிறழவில்லை என்று மகிழ்ந்தேன். சாகக் கிடப்பவன் முனகலுக்குச் சீர் பிரித்த புலவன் வேறொருவன் இரான்.

இல்லாளுக்குப் புகைப்பட நிலையமொன்றில் படங்களைக் கணினியில் படியெடுத்துக் காக்கும் பணி. அவளுக்கு யாப்புத் தெரியாது.

"என்னங்க, அது டிஸ்க் சாகுற சத்தம். முதல்ல காப்பி எடுங்க. ஒரே இடத்துல இருக்கிறது இல்லாததுக்குச் சமம்."

"நாடியார்கிட்ட காட்டிட்டு எடுக்கலாம்."

"ஆமா, பால் ஊத்தறப்ப எடுத்துக்கலாம்."

நாடியார் என் கணினியின்மேல் கருவியை வைத்தார்.

"ஐயா எழுதுறவரோ?"

கையில் உரைநூல், வாயில் செய்யுள். எப்படித்தான் கண்டாரோ என்று வியந்தேன்!

"உங்க புலமையைப் பார்த்து ஒருத்தருக்கு வயித்தெரிச்சல். அது வைஃபை வழியா இறங்கி வட்டுல உட்கார்ந்திருக்கு."

மெய்சிலிர்த்தது. வேறு யார், வானொலியில் உரையாற்றும் அந்தப் புலவர்தான்! (பின்னர் விசாரித்தேன். அவர் என் பெயரையே கேள்விப்பட்டதில்லையாம்.) வட்டு பழுது என்று மனைவி சொன்னபோது நம்பாதவன், என்னைக் கண்டு ஒருவர் புகைகிறார் என்றதும் நம்பிவிட்டேன்.

நாடியார் செப்பு வில்லை ஒன்றைக் கணினியின் அடியில் ஒட்டினார். "தினமும் காலைல பல தடவை அணைச்சு அணைச்சுப் போடுங்க. எரிச்சல் உதிரும்."

உதிர்ந்தது எரிச்சலன்று, என் உரை. ஒவ்வொன்றாக இயல்கள் திறக்க மறுத்தன. "நோய் வெளியேறுது" என்று நான் விளக்கம் வேறு உரைத்தேன்.

ஒருநாள் நான் பாராயணத்தில் இருக்கையில் இல்லாள் கணினியை எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் அதைத் துண்டில் சுற்றி, "வாங்க, உங்க நாடியாரைப் பார்ப்போம்" என்றாள். திருந்தினாள் என்று பூரித்தேன்.

இல்லாள் விசையை அழுத்தி நீட்டிய கணினியில் கருவியை வைத்து நாடியார் கண்மூடினார். 

"நல்ல மாற்றம்மா. வட்டு சீராச் சுத்துது. இன்னும் ரெண்டு வில்லை ஒட்டினா குணமாயிடும்."

"சுத்துறது நல்லாக் கேக்குதுங்களா?"

"வண்டு பாடுற மாதிரி கேக்குதும்மா!"

அவள் கைப்பையிலிருந்து உள்ளங்கை அளவு உலோகப் பெட்டி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். "அந்த வட்டு இதுதாங்க. நேத்தே கழட்டிட்டேன். நீங்க கேட்டது ஃபேன் சத்தம்." கணினியைத் திருப்பி அடிமூடியைக் கழற்றினாள். வட்டு இருந்த இடத்தில் வெறும் பள்ளம்.

நாடியார் அசரவில்லை. "உடல் பிரிஞ்சாலும் ஆன்மா அங்கேயே சுத்தும்மா."

வரிசையில் இருவர் கைகூப்பினர். சொல்லவே நாணுகிறேன்: என் கைகளும் பாதி உயர்ந்துவிட்டன.

"கையை இறக்குங்க" என்றாள் இல்லாள்.

முன்பு ஓயாத சுரம் என்று வந்தவர் அன்றும் வரிசையில் இருந்தார். அவர் தம் கணினியைத் தூக்கிக் காட்டினார். "ஏம்மா, எனக்கும் அஞ்சு வில்லை ஒட்டியிருக்காரே?"

"காத்து போற ஓட்டையெல்லாம் அடைச்சிருக்கு. சுடாம என்ன செய்யும்?"

அவர் வில்லைகளைப் பிய்த்து ஒவ்வொன்றாக நாடியாரின் மேசையில் ஒட்டத் தொடங்கினார். கூட்டத்தில் சிரிப்பு வெடித்தது. "இன்னிக்குப் பார்வை நேரம் முடிஞ்சுது" என்றார் நாடியார். காதிலிருந்த கருவியைக் கழற்றவும் மறந்து படியிறங்கினார்.

தெருவில் நான் தயங்கிக் கேட்டேன். "என் உரை?"

"கம்ப்யூட்டர்லயே டிஸ்க்கைச் சோதிக்கிற வசதி இருக்கு. ஓட்டினேன். சாகுதுன்னு எழுத்துலயே காட்டுச்சு. வந்த வரைக்கும் வேற டிஸ்க்குல எடுத்துட்டேன். கடைசி மூணு இயல் வரல."

"முதல் நாளே எடுத்திருந்தா?"

"முழுசா வந்திருக்கும்."

அம்மூன்று இயல்களையும் மீண்டும் எழுதிக்கொண்டிருக்கிறேன். முன்பு எழுதியது எத்துணைச் சிறப்பென்று எவருக்கும் மெய்ப்பிக்க வழியில்லை. நாடியாரோ வேறு தெருவில் கைப்பேசிகளுக்கு நாடி பார்க்கிறாராம், அங்கும் கூட்டமாம். செல்வோர் செல்க. ஆனால் ஒன்று: இறைவன் தலையைக் கழுத்தின்மேல் வைத்தது வணங்கிக் குனிவதற்கு மட்டுமன்று, நிமிர்த்திச் சிந்திக்கவும்தான். குனிந்தே கிடக்கும் தலையில்தான் மிளகாய் அரைப்பார்கள்.