வலப்பக்கத் திரை

ஹோரேஸ் தம் சொந்தக் காருக்குள் ஏற வழியில்லாமல் முற்றத்தில் நின்றார்.

கார் இருந்தது. சாவி சட்டைப்பையில் இருந்தது. கதவும் இருக்கவேண்டிய இடத்தில்தான் இருந்தது. ஆனால், அந்தக் கதவை மறைத்துக்கொண்டு, மேலே துணிக்கூரையிலிருந்து கீழே கால்பலகை வரையில், கறுப்பு ரெக்சின் திரையொன்று இழுத்து ஆணியடிக்கப்பட்டிருந்தது. ஸ்டியரிங் அந்தத் திரைக்கு அப்பால் இருந்தது.

"நல்லரத்தினம், நான் எங்கால ஏறுற?"

"இடப்பக்கத்தால ஏறுங்க அண்ணன்."

"ஸ்டியரிங் வலப்பக்கம் எல்லோ இரிக்கு?"

"வலப்பக்கம் அடைக்காட்டி ஆக்கள் நடுரோட்டில இறங்கி அடிபட்டுச் சாவாங்க."

"இதில இறங்குற ஆள் நான்தான்கா!"

"அதான் அண்ணன் நானும் சொல்றன்."

நல்லரத்தினத்தைக் குறைசொல்வதற்கில்லை. அவர் கல்லடியில் இருபத்தாறு ஆண்டுகளாக ஓட்டோக்களுக்கு மழைத்திரை தைத்துவருபவர். சவாரிக்காரர் தவறான பக்கத்தில் இறங்கிவிடாதபடி வலப்பக்கத்தை நிலையாக அடைத்துவிடுவது அவருடைய தொழிலின் முதல் விதி. ஓட்டோச் சாரதியோ முன்னால் நடுவில் அமர்பவர். வலப்பக்கத்தால் ஏறவேண்டிய மனிதரும் உலகில் உண்டு என்பது அவருக்கு அன்றுதான் தெரியவந்தது. அதற்காக அவர் வெட்கப்படவில்லை. உலகத்தின்மேல் சற்றே வருத்தப்பட்டார்.

ஹோரேஸுக்கு வருத்தப்படவும் நேரமில்லை. செவ்வாய்க்கிழமை ஆகிவிட்டது. சனிக்கிழமை மகள் பிறிசில்லாவுக்குத் திருமணம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநான்காம் ஆண்டில் செய்யப்பட்ட இந்தத் திறந்த காரில்தான் அவள் மணப்பெண்ணாகத் தேவாலயத்துக்குப் போவாள் என்று, ஞானஸ்நானம் கொடுத்த நாள்முதல் அவர் ஊரெல்லாம் சொல்லிவந்திருந்தார். காரோடு வந்த மழைத்திரைகளைக் கறையான் தின்று நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. மாதமோ மார்கழி. ஆறு நாட்களாக வாவிக்கு மேலே வானம் மூடியே கிடந்தது.

மனைவி பிலிஸ் தம் நிபந்தனையை ஒரே மூச்சில் சொல்லிமுடித்திருந்தார்:

"புள்ளட உடுப்பில ஒரு துளி மழை பட்டிச்சோ, திங்கக்கிழம விடிய அந்தக் கொழும்புக்காரருக்கு நானே போன் எடுப்பன். லொறியோட வந்து ஏத்திக்கொண்டு போகட்டும்."

கொழும்புக்காரர் நான்கு ஆண்டுகளாகக் காரை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். பிலிஸ் ஒன்றைச் சொல்லிவிட்டுச் செய்யாமல் இருந்ததற்கு முப்பத்தோராண்டு இல்லறத்தில் ஒரு சான்றும் இல்லை.

"சின்ன வேலதான் அண்ணன், வெட்டித் தாறன்" என்றார் நல்லரத்தினம்.

சின்ன வேலை என்று சொல்லித் தொடங்கப்படும் வேலைகளைச் சட்டம் போட்டுத் தடுக்கவேண்டும்.

புதன்கிழமை ஆணிகள் கழன்றன. திரை கதவின் அளவுக்கு வெட்டப்பட்டு, விளிம்பெங்கும் அமுக்குப் பொத்தான்கள் பொருத்தப்பட்டன. ஹோரேஸ் ஏறி அமர்ந்தார். பழக்கத்தின்படி வலக்கையை வெளியே நீட்டினார். கை ரெக்சினில் முட்டி நின்றது. அந்தக் காருக்குச் சமிக்ஞை விளக்குகள் கிடையா. வலப்பக்கம் திரும்புவதாயின் சாரதி கையைத்தான் நீட்டவேண்டும்.

"கை போக வழி வேணும்கா."

"ஓட்டோவில லைட் இரிக்கு அண்ணன்."

"இது ஓட்டோ இல்ல!"

"அது விளங்குது" என்றார் நல்லரத்தினம், விளங்காத முகத்துடன்.

திரையில் வட்டமாக ஒரு துளை வெட்டப்பட்டது. பிலிஸ் பூமரங்களுக்குத் தண்ணீர் விடும் குழாயைக் கொண்டுவந்து காரின்மேல் பீச்சினார். துளை வழியாகப் புகுந்த தண்ணீர் ஹோரேஸின் மடியை நிரப்பியது.

"நான் துளி எண்டுதான் சொன்னன்" என்றார் பிலிஸ். "இது வாளி."

வியாழக்கிழமை நல்லரத்தினம் பழைய மழையங்கி ஒன்றின் கையை வெட்டியெடுத்துத் துளையோடு சேர்த்துத் தைத்தார். இனிக் கையும் போகும், தண்ணீரும் வராது. ஹோரேஸ் மகிழ்ந்துபோய் நாவற்குடாப் பக்கமாகக் காரை ஓட்டிப் பார்த்தார்.

வேகம் பிடித்ததும் அந்த வெறும் சட்டைக்கைக்குள் காற்றுப் புகுந்தது. அது பருத்து விறைத்து வலப்பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. எதிரே வந்த சைக்கிள்காரர் இவர் திரும்பட்டும் என்று இறங்கி நின்றார். பின்னால் வந்த பேருந்து ஒன்றரைக் கிலோமீற்றர் தூரம் முந்திச்செல்லத் துணியாமல் ஊர்ந்து வந்தது. சந்தியில் பொலிஸ்காரர் மறித்தார்.

"எங்க திரும்பப் போறீங்க?"

"எங்கயும் இல்ல. நேர போறன்."

"அப்ப கைய உள்ளுக்க எடுங்க."

ஹோரேஸ் தம் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். மூன்றாவது கை வெளியே ஆடிக்கொண்டிருந்தது. பொலிஸ்காரர் மூன்றையும் எண்ணிப் பார்த்துவிட்டு வழிவிட்டார்.

வெள்ளிக்கிழமை அதற்கும் மருந்து வந்தது: சட்டைக்கையை உள்ளே இழுத்து நாடாவால் முடிந்துவைப்பது, வேண்டியபோது அவிழ்த்துக் கையை விடுவது. இறுதியாக, மணப்பெண் அமரும் பின்னிருக்கையின் திரைகளையும் நல்லரத்தினம் பூட்டினார். இடப்பக்கத்துக்கு மட்டும் நாற்பத்திரண்டு பொத்தான்கள். ஓட்டையொன்றும் இல்லை, இடுக்கொன்றும் இல்லை. பிலிஸ் உள்ளே ஏறி அமர, ஹோரேஸ் கால் மணிநேரம் குழாயைப் பீச்சினார்.

"போதும்! திறங்க!" என்ற குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

"உள்ளுக்கால திறவுங்க பிலிஸ்!"

"உள்ளுக்க பொத்தானே இல்ல!"

ஹோரேஸ் திரும்பிப் பார்த்தார். நல்லரத்தினம் அமைதியாக விளக்கினார்.

"ஓட்டோவில சாரதிதான் இறங்கி வந்து திறந்து விடுவான் அண்ணன்."

திரை திறந்தது. பிலிஸின் முகம் நீராவியில் வெந்ததுபோல் சிவந்திருந்தது.

"பிட்டுக் குழலுக்க வெச்ச மாதிரிக் கிடக்கு!"

"துளி விழுந்திச்சா?"

"இல்ல. ஆனா..."

"அதுதானே வேணும்!" என்றார் ஹோரேஸ். பொத்தானை மாற்றவும் அவர் விடவில்லை. தேவாலய வாசலில் தந்தை இறங்கி வந்து தம் கையால் மகளுக்குத் திரை திறப்பது எவ்வளவு அழகு!

சனிக்கிழமை விடியும்போதே மழை கொட்டியது. பிலிஸும் உறவினரும் வேனில் முன்னே போய்விட்டார்கள். பிறிசில்லா, வெள்ளைத் துவாய் விரித்திருந்த பின்னிருக்கையில் ஏறினாள். அவளைவிடப் பெரியதாக இருந்த வெள்ளை உடுப்பும் மடங்கி மடங்கி ஏறியது. ஹோரேஸ் நாற்பத்திரண்டு பொத்தான்களையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பூட்டினார்.

வாவிக்கு மேலே செல்லும் கல்லடிப் பாலத்தின் நடுவில் கார் இருமியது, பிறகு நின்றுவிட்டது.

ஹோரேஸ் தம் பக்கத் திரையைத் திறந்து இறங்கி, மழை புகாதபடி அதை வெளியிலிருந்து மறுபடி பூட்டினார். முன்மூடியைத் தூக்கித் தலையை உள்ளே விட்டு, நனைந்த பிளக்குகளைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்தார். முதுகில் மழை அறைந்தது. பின்னால் ஹோன்கள் அலறின. யாரோ ஒருவர் பக்கத்தில் வந்து ஏதோ சொன்னார். காரை ஒதுக்கச் சொல்கிறார் போலும் என்று நினைத்த ஹோரேஸ், தலையைத் தூக்காமலே கையை வீசினார்: "போங்க, போங்க!"

பத்து நிமிடத்தில் கார் உயிர்பெற்றது. தலைமுதல் கால்வரை நனைந்த ஹோரேஸ் வெற்றிவீரரைப்போல் ஏறி அமர்ந்தார். கண்ணாடியெல்லாம் நீராவி படிந்திருந்தது. பின்னால் வெண்மையாக ஏதோ தெரிந்தது.

"மகள், ஒரு துளி விழுந்திச்சா?"

பதில் இல்லை. கூரைத்துணியில் மழை முழங்கியது. மணப்பெண்ணுக்கு நாணம் இருக்கத்தானே செய்யும் என்று ஹோரேஸ் எண்ணினார். அந்த மௌனம் அவர் வாயைத் திறந்துவிட்டது.

"அம்மாட்டச் சொல்லிராத. போன மாசமும் கொழும்புக்காரர் விலைய ஏத்திக் கேட்டவர். நான் மாட்டன் எண்டிட்டன். ஏன் தெரியுமா? நீ குழந்தையா இரிக்கக்க இந்த சீட்டிலதான் நித்திர கொள்ளுவ. வேற எங்க போட்டாலும் அழுவ."

பிளக்குத் துடைத்த கைக்குட்டையாலேயே அவர் கண்ணைத் துடைத்தார். பின்னிருக்கையில் அவளும் துடைத்துக்கொண்டிருப்பாள் என்று நம்பினார்.

தேவாலய வாசலில் குடைகள் கூடிநின்றன. நல்லரத்தினம் வெள்ளை வேட்டியுடன் முன்வந்து, "நீங்க நனைஞ்சு போனீங்க அண்ணன், விடுங்க" என்று தாமே பொத்தான்களைக் கழற்றினார். நாற்பத்திரண்டும் கழன்றன. திரையை விலக்கிய அவர், உள்ளே கைவிட்டு இருக்கையைத் தடவிப் பார்த்து, பிலிஸை நோக்கி நிமிர்ந்தார்.

"பாருங்க அக்கா. ஒரு துளி இல்ல."

பிலிஸ் எட்டிப் பார்த்தார்.

"புள்ளையும் இல்ல!"

இருக்கையில் ஒரு வெள்ளைத் துவாய் மட்டும் கிடந்தது. ஹோரேஸ் காருக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார்.

"பதறாதீங்க" என்று ஒரு குரல் கேட்டது. மதிலோரம் நிறுத்தியிருந்த ஓட்டோவில் சாய்ந்தபடி அதன் சாரதி ஷிஹான் நின்றார். "பொண்ணு பக்க வாசலால கோயிலுக்குள்ள வந்து இரிக்கிறா. பாலத்தில இந்தக் கார் நிக்கக்க வலப்பக்கத்தால ஒரு கை வந்து ஆடிச்சு. வலப்பக்கம் திருப்பப் போறார் எண்டு நானும் பின்னால பாத்துக்கொண்டு நிண்டன். மறுகாத்தான் யோசிச்சன், அங்கால வாவி எல்லோ!"

"அது... என்ர கை இல்ல" என்றார் ஹோரேஸ்.

"பொண்ணுட கை. முன் சீட்டுக்கு மேலால எட்டி, நாடாவ அவுத்து அந்தச் சட்டைக்கைக்குள்ள விட்டிரிக்கா. மூச்சு முட்டுதாம். உங்களுக்கிட்ட வந்து சொன்னன். போங்க போங்க எண்டீங்க. நானும் என்ர சவாரிக்காரரும் தலைக்கு மேல படங்கு பிடிச்சு என்ர ஓட்டோவில மாத்தி ஏத்தினம். சீட்டு நனையும் எண்டு திரையத் திருப்பிப் பூட்டியும் விட்டன்."

பிலிஸ் உள்ளே ஓடினார். ஹோரேஸ் மழையில் நின்றார். திங்கட்கிழமையும் லொறியும் அவர் கண்முன்னே வந்து நின்றன. சற்றுநேரத்தில் பிலிஸ் திரும்பி வந்தார்.

"உடுப்பு?" என்றார் ஹோரேஸ், மகளைப் பற்றிக் கேட்க மறந்து.

"காஞ்சுதான் இரிக்கு" என்றார் பிலிஸ், எதையோ தொலைத்தவரைப்போல. "விளிம்பு வரைக்கும் பாத்திட்டன். ஒரு துளி இல்ல."

ஹோரேஸால் நம்ப முடியவில்லை. "இந்த மழைக்க, ஓட்டோவில வந்தும் நனையல்லயா?"

ஷிஹான் சிரித்துக்கொண்டே நல்லரத்தினத்தைச் சுட்டிக் காட்டினார்.

"எப்பிடி நனையும்? என்ர ஓட்டோட வலப்பக்கத்த ஆணியடிச்சு அடைச்சுத் தந்தது இவரெல்லோ!"