தவுக்கேயின் உண்ணி வழக்கு

எட்டாம் நம்பர் லயம்,
சிம்பாங் பூலாய்.
4.4.1979, புதன்கிழமை

பெருமதிப்பிற்குரிய உடையப்பன் மாமா அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் மூத்த மகள் தவமணி பணிவுடன் எழுதுவது. புந்தோங்கில் தாங்களும் அத்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பா, அம்மா, தங்கை கோமளா, பசுமாடு லெட்சுமி எல்லாரும் சௌக்கியம். தாங்கள் போன வருடம் வீடு மாறிப் போனபோது எங்களிடம் விட்டுச் சென்ற நாய் மட்டும் சௌக்கியமாக இருந்துகொண்டே ஆபத்தில் இருக்கிறது. ஆகவே நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல், நடந்த வரிசையிலேயே, முழு உண்மையாக எழுதப் போகிறேன். எங்கள் வீட்டாருக்கு மரியாதைக் குறைவான இடங்கள் வந்தாலும் விட்டுவிடமாட்டேன். என்மேல் இதில் எந்தக் குற்றமும் இல்லாததால் எழுதுவது எனக்குச் சுலபமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை கோமளாவுக்குத் தலை வாரும்போது அம்மா அவளுடைய வலது காதுக்குப் பின்னால் ஒரு மச்சத்தைக் கண்டார். காதோரத்து மச்சம் நகை சேர்க்கும் என்று மகிழ்ந்து பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டும் வந்தார். மத்தியானம் அந்த மச்சம் சற்றுப் பெரிதாகியிருந்தது. சாயங்காலம் அதற்குக் கால்கள் தெரிந்தன. அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அப்பாவு அண்ணன் வாயில் சுருட்டோடு ஓடிவந்து, "உண்ணிலா இது. சுருட்டு நெருப்பக் கிட்ட காட்டுனா தன்னால விட்டுரும்" என்றார். "பச்சப்புள்ள காதுல நெருப்பா? மொதல்ல ஒங்க காதுல வச்சிக் காட்டுங்கண்ணே" என்றார் அம்மா. அப்பா மண்ணெண்ணெய் எடுக்கப் போனார். நான் பள்ளி நூலகத்திலிருந்து மூன்றாவது முறையாக எடுத்து வந்திருக்கும் கால்நடை வளர்ப்புப் புத்தகத்தில், சுடக்கூடாது, எண்ணெய் ஊற்றக்கூடாது, தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும் என்று போட்டிருப்பதைப் படித்துக் காட்டி, அம்மாவின் முள்வாங்கியால் நானே எடுத்தேன். எடுக்கும்போது கோமளா அழவில்லை. எடுத்த பிறகுதான் அழுதாள், அதைத் தன்னிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லி.

அப்பா அந்த உண்ணியைச் சிரட்டையில் போட்டு, ஆமணக்கு விதையைப் பார்ப்பது போல வெகுநேரம் பார்த்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். "நாய்தான் கொண்டு வருது. அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள புள்ள மேல இன்னொன்னு இருக்கட்டும், தவுக்கேயக் கல்லுமல லோரியில ஏத்தி விட்டுருவேன். அங்க காவலுக்கு நாய் வேணுமாம்." கல் உடைக்கும் இடத்தில் நாயைச் சங்கிலியில்தான் வைப்பார்களாம், மாமா. சீனக் கடை முதலாளி மாதிரி நாள் முழுக்கப் படுத்தே கிடக்கிறான் என்றுதானே தாங்கள் அதற்குத் தவுக்கே என்று பெயர் வைத்தீர்கள். அது எப்படி அந்த வெடிச் சத்தத்தில் கண்ணயரும்? லோரி என்ற சொல்லைக் கேட்டதும் அது வாலை ஆட்டியது. லோரி சவாரி என்றால் அதற்கு இஷ்டம்.

திங்கட்கிழமை பள்ளி விட்டு வந்ததும் தவுக்கேயின் உடம்பிலிருந்து பதினோரு உண்ணிகளை எடுத்தேன். அதன்பின் அம்மா வேப்பிலையை அவித்து, அப்பாவு அண்ணன் கொடுத்த புகையிலையையும் அதில் போட்டு, குழாயடியில் அதைக் குளிப்பாட்டினார். தவுக்கே கண்ணை மூடிக்கொண்டு கோயில் சிலை போல நின்று அபிஷேகத்தை ஏற்றுக்கொண்டது. முடிந்ததும் கொடியில் காய்ந்த அப்பாவின் சட்டையின் கீழே நின்று ஒரே ஒரு முறை உதறிவிட்டு, உடம்பைத் துவட்டிக்கொள்ள நேராக லாலாங் புல்லுக்குள் ஓடிவிட்டது. நான் பின்னால் ஓடினேன். ரப்பர்ப் பால்மரங்கள் இலை கொட்டி முடித்து இப்போதுதான் துளிர்க்கின்றன, மாமா. துளிர்கள் செம்புக் காசு நிறத்தில் இருக்கின்றன. சின்னச் சின்ன மஞ்சள் பூக்கள் உதிர்ந்துகொண்டே இருப்பதால் காடு முழுக்கத் தேன் வாசம், அதற்கு அடியில் ஒட்டுப்பால் வாசம். தவுக்கேயை எட்டிப் பிடிக்கப் புல்லில் குப்புற விழுந்த நான், என் மூக்குக்கு முன்னால் ஒரு புல்நுனியில் ஓர் உண்ணி உட்கார்ந்திருப்பதைக் கண்டு எழுந்திருக்க மறந்துவிட்டேன். பின்னங்கால்களால் புல்லைப் பற்றிக்கொண்டு, முன்னங்கால்கள் இரண்டையும் அகல விரித்து நீட்டியபடி அது இருந்தது. அதற்குப் பறக்க வராது, குதிக்க வராது. யாராவது உரசிக்கொண்டு போனால் தொற்றிக்கொள்ளும். அதுவரை மாதக்கணக்கில் சோறு தண்ணீர் இல்லாமல் காத்திருக்கும் என்று புத்தகம் சொல்கிறது. நான் மெல்ல மூச்சு விட்டேன். வருகிற பஸ்ஸைத் தூரத்திலேயே கண்டுவிட்ட ஆளைப் போல அது கைகளை ஆட்டியது. மூச்சை நிறுத்தினேன். ஆட்டுவதை நிறுத்தியது. இப்படி நாங்கள் இருவரும் எவ்வளவு நேரம் இருந்தோம் என்று தெரியவில்லை. லெட்சுமி பக்கத்தில் புல்லை அறுத்து மெல்லும் சத்தம் யாரோ தூக்கத்தில் நடப்பது போலக் கேட்டது. சுண்ணாம்பு மலை ஆவியில் கரைந்து, பாதி மலை மட்டும் வானத்தில் தொங்கியது. பச்சைத் தண்ணீருக்கு அடியில் படுத்திருப்பதாக நினைத்துக்கொண்டேன். இது ஆராய்ச்சி என்பதால் நேற்றும் இன்றும் அதே இடத்தில் போய்ப் படுத்துக் கவனித்தேன். இப்போது அங்கே நான்கு நுனிகளில் நான்கு பேர் காத்திருக்கிறார்கள். அந்தத் திங்கட்கிழமை சாயங்காலமே தவுக்கேயை மறுபடி பார்த்தபோது பதினான்கு இருந்தன. குளிப்பதற்கு முன் பதினொன்று என்பதை மேலே எழுதியிருக்கிறேன்.

நாயை மட்டும் காப்பாற்றினால் போதாது, குடும்பத்தையும் காக்க வேண்டும் என்று செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் புறப்படும்போது புத்தகத்தின் விதிகளை எல்லாருக்கும் வாசித்தேன். உண்ணி கண்ணில் படுவதற்கு வெளிர்நிற உடை உடுத்த வேண்டும். கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருக வேண்டும். புல்லில் உரசாமல் பாதையின் நடுவில் நடக்க வேண்டும். அம்மாவிடம் வெள்ளைப் புடவை என்றதும், "கட்டுனவரு குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருக்காரு, நான் வெள்ள கட்டிக்கிட்டுக் கோயிலுக்குப் போவணுமா? நல்லாப் படிச்ச புள்ளலா நீ" என்றார். கடைசியில் வெளிர்மஞ்சளுக்குச் சம்மதித்தார். அப்பா பத்து வருடங்களுக்கு முன்பு தைத்த வெள்ளைச் சிலுவாரையும் வெள்ளைச் சட்டையையும் போட்டு, என் பள்ளிக்கூடக் காலுறைகளை முழங்கால்வரை இழுத்து அதற்குள் கால்சட்டை நுனியைச் செருகிக்கொண்டார். தவுக்கேயின் மேல் உள்ள கோபத்தில்தான் அவர் இவ்வளவுக்கும் இணங்கினார். அப்பா, அம்மா, கோமளா, நான் என்ற வரிசையில், ஒருவர் பின் ஒருவராக, செம்மண் சாலையின் நட்ட நடுவில் நடந்தோம். வெயில் தாழ்ந்து மரங்களின் நிழல்கள் சாலையில் படிக்கட்டு போல விழுந்திருந்தன. ஒவ்வொரு படியாக அம்மாவின் புடவை அணைந்து அணைந்து எரிந்தது.

தோட்டத்தில் ஓர் ஆள் வெள்ளை உடுத்திக் குடும்பத்தோடு வரிசையாக ஆபீஸ் பக்கம் நடந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு என்பதைப் புத்தகம் எழுதியவர் அறியமாட்டார். அப்பாவு அண்ணன் சுருட்டை எறிந்துவிட்டு, "அர்ச்சுனா, கிராணிகிட்ட நியாயம் கேக்கவா போற? இரு, நானும் வாரேன்" என்று அப்பாவைக் கூப்பிட்டபடி பின்னால் சேர்ந்தார். எதற்கு நியாயம் என்று அவர் கேட்கவில்லை. அடுத்த லயத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். ஆறாம் லயத்துச் செல்லாயி அக்கா நான்கு பெண்களோடு வந்தார். எல்லாரும் சாலை நடுவிலேயே நடந்தார்கள். அப்பா ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு பார்க்கவில்லை. கோயில் ஆபீஸுக்கு எதிரே இருக்கிறது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பதின்மூன்று பேராக இருந்தோம். ஆபீஸில் கணக்குப் பார்க்கும் கிராணி இராஜசிங்கம் ஐயா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்து, "என்ன அர்ச்சுனன், இத்தனை ஆக்களையும் கூட்டிக்கொண்டு வாறீர்? என்னெண்டாலும் இருந்து கதைப்பம்" என்றார். அப்பா தம் காலுறைகளைக் குனிந்து பார்த்தார். உண்ணி என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எல்லாரும் அமைதியாக இருந்தோம். அந்த அமைதி கிராணி ஐயாவுக்கு அதிகக் கவலை கொடுத்தது போலிருந்தது. கடைசியில் செல்லாயி அக்கா, "பைப்புங்கய்யா. எங்க லயத்துல ரெண்டு வாரமாத் தண்ணி வரல" என்றார். "ஓம், ஓம், நாளைக்கே ஆள் அனுப்புறன். அதுக்கு இப்பிடியே எல்லாரும் வாறது?" என்று அவர் குறித்துக்கொண்டார். இன்று காலை குழாய் சரியாகிவிட்டது. அப்பாவைப் பார்ப்பவர்கள் எல்லாம் கும்பிடுகிறார்கள். அவர் வேலை முடிந்ததும் மறுபடி என் காலுறைகளைப் போட்டுக்கொண்டார். நேற்று வீடு திரும்பி நான் எல்லாரையும் சோதித்தபோது அப்பா, அம்மா, கோமளா மூவரிடமும் ஓர் உண்ணிகூட இல்லை. ஆகவே விதிகள் பலிக்கின்றன.

ஆனால் பெரிய மனிதராகிவிட்ட பிறகு அப்பா யார் சொல்வதையும் கேட்பதில்லை, மாமா. தவுக்கே மாட்டுக்கொட்டகையில் லெட்சுமியின் வயிற்றோடு ஒட்டித்தான் தூங்கும். இன்று மத்தியானம் லெட்சுமியையும் சோதித்தேன். இடது காதில் மட்டும் இருபத்து மூன்று. வாலடியில் நாற்பது வரை எண்ணியபோது லெட்சுமி ஆட்சேபித்ததால் நிறுத்திக்கொண்டேன். சாப்பிடும்போது இதைச் சொன்னேன். அப்பா பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார்.

"மாடு மகாலட்சுமிலா. அது காதத் தூக்கிப் பாத்தியா நீ?"

"பாத்தேம்பா. இருபத்து மூணு."

"அது நாய்கிட்டேருந்து ஏறுனது."

"நாய்கிட்ட பதினாலுதாம்பா இருக்கு."

அம்மா சிரிப்பை மறைக்க ரசச் சட்டிக்குள் குனிந்துகொண்டார். "ஆத்தாளும் மகளும் சேந்து நாய்க்கு வக்கீலா?" என்று அப்பா எழுந்து கைகழுவிவிட்டு, சாலைக்குப் போய் லோரிக்காரரை நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வரச் சொல்லிவிட்டார். இனி கோமளாவின் மேல் உண்ணி வந்தாலும் வராவிட்டாலும் தவுக்கே போகிறது. அது இப்போது வாசலில் படுத்துக் கனவு காண்கிறது. நான்கு கால்களும் காற்றில் ஓடுகின்றன. எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடிக்க முயன்றேன். சங்கிலி இல்லாத இடம் என்று மட்டும் தெரிகிறது.

ஆகவே தங்களிடம் என் விண்ணப்பம். அப்பா கேட்கும் ஒரே பேச்சு தங்கள் பேச்சுத்தான். "மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று தங்கள் முதுகுக்குப் பின்னால்கூடச் சொல்லுகிறார். சனிக்கிழமைக்குள் வந்து தவுக்கேயைப் புந்தோங்குக்கு அழைத்துக்கொண்டு போங்கள். அங்கே புல்லே இல்லை, சிமெந்துதான் என்று அத்தை சொல்லியிருக்கிறார். அது அதிகம் சாப்பிடாது. மழை பெய்தால் யாருடைய காலையாவது தொட்டுக்கொண்டு படுக்க வேண்டும், அவ்வளவுதான். அங்கே சீனர் கடைக்கு அழைத்துப் போனால் மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். இங்கே ஒருமுறை நாயும் கடைக்காரரும் சேர்ந்து திரும்பிப் பார்த்தார்கள். இங்கு வரும்போது வெளிர்நிறச் சட்டை அணிந்து, பாதையின் நடுவில் நடந்து வரவும். யாராவது பின்னால் சேர்ந்தால் கோயிலுக்குப் போகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடவும்.

மாரியம்மன் தங்களையும் அத்தையையும் நோய், நொடி, நுண்ணிய பூச்சிகள் அனைத்திலிருந்தும் காத்து, நீண்ட ஆயுளைத் தருவாளாக.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
அ. தவமணி
இரண்டாம் படிவ மாணவி

பின்குறிப்பு: இதை உறையில் போடுவதற்குள் அம்மா எனக்குப் பின்னலை அவிழ்த்து எண்ணெய் வைக்க உட்கார்ந்தார். நான் வீட்டில் எல்லாரையும் சோதித்தேன் என்று எழுதியது உண்மை. என்னை நான் சோதிக்கவில்லை. புல்லில் படுத்துக் கவனித்துக்கொண்டிருந்த மூன்று நாட்களும் அவர்கள் என்னிடம் வந்துகொண்டிருந்தார்கள் போலும். உச்சியில் ஒன்று, பிடரியில் நான்கு, இரண்டு காதுக்கும் பின்னால் ஒவ்வொன்று, ஆக முதலில் ஏழு. அதற்கு முன்பும் நான் தினமும் அங்கேதான் படுத்துக் கதைப்புத்தகம் படிப்பேன் என்பதையும், கோமளா என் தலையணையில்தான் தூங்குகிறாள் என்பதையும் அம்மா அப்பாவுக்கு நினைவூட்டினார். அப்பா எழுந்தார். பிறகு வாசலுக்குப் போய், "வாடா ராசா, உள்ள வா" என்று தவுக்கேயைக் கூப்பிட்டார். அது என் பாயில் படுத்துக்கொண்டது. லோரிக்காரரிடம் சொன்ன சொல் சொல்தானாம். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு அந்த லோரியில் நான் ஏறுகிறேன். அது கல்லை ஏற்றிக்கொண்டு புந்தோங் வழியாகத்தான் போகிறது. பள்ளி விடுமுறை முழுவதும் தங்கள் வீட்டுச் சிமெந்தில் இருந்து தலை சுத்தமான பிறகுதான் திரும்பி வரலாம் என்று உத்தரவு. ஆகவே மேலே நாய்க்காகக் கேட்டுக்கொண்டதை எல்லாம் எனக்காகக் கேட்டதாகக் கொள்ளவும். நானும் அதிகம் சாப்பிடமாட்டேன். அம்மாவின் விரல்கள் தலைக்குள் ஊர்வது தூக்கமாக வருகிறது. இப்போது ஒன்பது வரை எடுத்தாயிற்று. பத்தாவது இதோ பின்னங்கழுத்தில் நடக்கிறது, ஆடாமல் இரு என்று அம்மா முள்வாங்கியைக் கையில் எடுத்தபோது மின்சாரம் தரும் தோட்டத்து இன்ஜின் நின்று விளக்கு அணைந்துவிட்டது. இந்த வரியை இருட்டில் எழுதுகிறேன்.