பிரவுசருக்குப் பொய் சொன்ன பொட்டு பாய்

இந்த நாட்டில் பிரவுசரைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் நிறைய பேர் இருக்கலாம். ஆனால் அதன் எதிரில் உட்கார்ந்து, தினமும் காலை நாஷ்டா முடித்த கையோடு, மனசறிந்து அதனிடம் பொய் சொன்ன ஒரே மனிதர் எங்கள் திருவண்ணாமலை பொட்டு பாய்தான். போகப்போக அந்தப் பொய்களுக்கு நடுவில் மறைக்க நிஜமாகவே ஒன்று வந்து சேர்ந்தது. கண்ணில் புரை விழுந்திருந்தது. அது தெரிந்தால் லாட்ஜில் தன் நாற்காலி போய்விடும் என்று பயந்தார். கடைசியில் ஒரு பௌர்ணமி அன்று, கிரிவலத்துக்கு வந்திருந்த கூட்டத்துக்கு நடுவில், அந்த ஒன்றுதான் சுவரளவு டி.வி.யில் ஓடியது.

நான் அப்போது ஒரு உரக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. பகலெல்லாம் கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டிருக்கும் விவசாயிகளிடம் பேசித் தொண்டை வறண்டு, சாயங்காலம் தேரடி வீதிக்குப் பின்னால் இருந்த லாட்ஜுக்குத் திரும்புவேன். மாத வாடகை அறை. வரவேற்பு மேஜையில் பாய் உட்கார்ந்திருப்பார். வெள்ளைத் தாடி, இஸ்திரி கலையாத முழுக்கைச் சட்டை, எந்த நேரமும் யாரோ பின்னால் நிற்கிற மாதிரி ஒரு பார்வை. அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும். யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

பொட்டு என்ற பட்டம் வந்த கதை இது. கம்ப்யூட்டருக்கு மேலே ஒரு சின்ன கேமரா இருக்கிறதல்லவா? அதன் வழியாகத்தான் தன்னை வேவு பார்க்கிறார்கள் என்று பாய் முடிவு கட்டிவிட்டார். நேராக ஃபேன்ஸி ஸ்டோருக்குப் போனார்.

"ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டு குடும்மா. கொஞ்சம் பெருசா, கறுப்பா."

பாயின் வீட்டில் யாரும் பொட்டு வைப்பதில்லை என்று கடைக்காரப் பெண்ணுக்குத் தெரியும். "யாருக்கு பாய் பொட்டு?" என்று கேட்டிருக்கிறாள்.

"கம்ப்யூட்டருக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

பொட்டு வைத்த கம்ப்யூட்டர் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்தது என்று நினைத்து, நெல்லூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாவி வாங்கிப் போனது.

இந்தச் சந்தேகம் ஆரம்பித்தது ஒரு மிக்ஸியில். பாய் வீட்டு மிக்ஸி ஜாரில் பிளேடு கழலவில்லை. லாட்ஜ் கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து, அதற்கு என்ன வழி என்று தேடியிருக்கிறார். சாயங்காலம் போனில் வீடியோ ஆப்பைத் திறந்தால், முதல் வீடியோவிலேயே ஒருவர் மிக்ஸி ஜாரைக் கவிழ்த்து வைத்து பிளேடைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் உள்ளே நுழைந்தபோது பாய் பேயறைந்தவர் போல நின்றிருந்தார்.

"சார், நான் கேட்டது கம்ப்யூட்டர்ல. போனு என் சட்டைப் பையில இருந்துச்சு. போனுக்கு யாரு சொன்னது?"

"எல்லார் வீட்லயும் மிக்ஸி இருக்கு பாய். சும்மா வந்திருக்கும்."

"எங்க வீட்டு கலர் ஜாரு சார்."

நான் சிரித்தேன். சிரிப்பு ஒரு வாரம்தான் தாங்கியது. முடி கொட்டுவதற்கு என்ன செய்யலாம் என்று என் போன் பிரவுசரில் ரகசியமாகத் தேடினேன். மறுநாள் டீக்கடையில் நாலு பேருக்கு நடுவில் வீடியோ ஆப்பைத் திறந்தால், "உங்களுக்கு வழுக்கை விழுகிறதா?" என்று ஒருவர் சத்தமாகக் கேட்டார். டீக்கடையே திரும்பி என் தலையைப் பார்த்தது. அன்றிலிருந்து நானும் பாய் கட்சி.

பாய் பயந்து ஒடுங்குகிற ஆள் இல்லை. யுத்தத்துக்கு ஒரு திட்டம் போட்டார்.

"நம்மளப் பத்தித் தெரிஞ்சாத்தானே சார் அது நம்மள ஆட்டி வெக்கும்? நாம யாருன்னே தெரியாமப் பண்ணிட்டா?"

ஒரு நிஜம் தேடினால் பத்து பொய் தேட வேண்டும். அதுதான் திட்டம். உப்புமாவோ இட்லியோ முடிந்ததும் ஒற்றை விரலால் தட்ட ஆரம்பிப்பார். ஒட்டகம் வளர்ப்பது எப்படி. கப்பல் கேப்டன் ஆக என்ன படிக்க வேண்டும். பனிக்கட்டியில் வீடு கட்டினால் எத்தனை நாள் தாங்கும். தட்டி முடித்து நாற்காலியில் சாயும்போது முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"இன்னிக்கு முழுக்க அது என்னை ராஜஸ்தான்காரன்னு நெனச்சிட்டு இருக்கும் சார்."

சில நாட்கள் என் போனையும் வாங்குவார். "என் போனுக்கு என் மேல சந்தேகம் ஜாஸ்தியாயிடுச்சு. உங்களுது குடுங்க" என்பார். எனக்கும் ஒட்டகம் வர ஆரம்பித்தது அப்படித்தான்.

இதில் யாருக்கும் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. கீழே ஹாலில் இருந்த பெரிய டி.வி.யை மாட்டிவிட்டுப் போன ஆள், லாட்ஜ் கம்ப்யூட்டரிலும் பாய் போனிலும் இருந்த அதே இமெயில் கணக்கை டி.வி.யிலும் போட்டுவிட்டுப் போயிருந்தான். அதுவரை பக்திப் பாட்டு பாடிக்கொண்டிருந்த டி.வி.யில் ஒட்டகம் ஓட ஆரம்பித்தது. ஒட்டகம் குட்டி போட்டது. பால் கொடுத்தது. பக்தர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தார்கள். ஒரு பெரியவர் மேஜைக்கு வந்து, கிரிவலப் பாதையில் ஒட்டகம் வாடகைக்குக் கிடைக்குமா, முட்டி வலி, நடக்க முடியாது என்று விசாரித்தார்.

பாய் அதிர்ந்துபோனார். "டி.வி.யும் அந்தக் கூட்டத்துல சேந்துடுச்சா சார்?" என்றார். டி.வி.க்குக் கேமரா கிடையாது. இருந்தாலும் அதன் சிகப்பு விளக்கின் மேல் ஒரு பொட்டு ஒட்டினார்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் கண் மங்கிக்கொண்டு வந்தது. லாட்ஜ் வேலையில் முக்கியமான வேலையே வருகிறவர்களின் அடையாள அட்டையைப் படித்து எழுதிக்கொள்வதுதான். எழுத்து கண்ணுக்குத் தெரியாத பாய் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். அட்டையைக் கையில் வாங்கவே மாட்டார்.

"நீங்களே வாய் விட்டுப் படிங்க. அட்டையில இருக்கிறதும் வாய்ல வர்றதும் ஒண்ணா இருக்கணும். அதான் இங்க ரூலு."

ஜனங்கள் பயபக்தியோடு தங்கள் பெயரையும் அப்பா பெயரையும் ஒப்பித்தார்கள். பாய் காதால் கேட்டு, பழகின கையால் குத்துமதிப்பாக எழுதிக்கொள்வார். லாட்ஜ் முதலாளி ஒரு அம்மா. கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை மண்டி வைத்திருப்பவர், பௌர்ணமிக்குப் பௌர்ணமி வந்து ஹால் சோபாவில் உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பார். இந்த ரூலைப் பார்த்துவிட்டு, "நம்ம பாய் மாதிரி கண்டிசன் யாருக்கும் வராது" என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு விஷயம் பிடிபட்டது பொட்டினால்தான். ஒரு நாள் பாய் பழைய பொட்டை எடுத்துவிட்டுப் புதுசு ஒட்டினார். அழுத்தித் தடவி, திருப்தியாகத் தலையாட்டினார். பார்த்தால், கேமரா பளிச்சென்று திறந்து கிடக்கிறது. பொட்டு நாலு விரல் தள்ளி ஒட்டியிருக்கிறது.

"பாய், பொட்டு கேமரா மேல இல்லியே."

அவர் விரலால் தடவித் தடவிக் கேமராவைத் தேடினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"யாருக்கும் சொல்லாதீங்க சார்" என்றார் மெதுவாக. "அம்மாவுக்குத் தெரிஞ்சா திட்ட மாட்டாங்க. 'வீட்ல ரெஸ்ட் எடுங்க பாய்'னு மரியாதையா சொல்லிடுவாங்க. அந்த மரியாதைய எடுத்துக்கினு நான் எங்க போறது?"

"ஆபரேஷன் பண்ணிக்கலாமே பாய். சின்ன விஷயம்."

"கண்ணுக்குள்ள கத்தி வெக்கிறது சின்ன விஷயமா?"

வீட்டில் மனைவியிடம்கூட அவர் சொல்லவில்லை. ஆனால் மனிதனுக்கு யாரிடமாவது கேட்டாக வேண்டுமே. ஹாலில் ஆள் இல்லாத மத்தியான நேரத்தில், தன் ஜன்ம விரோதியான அந்தப் பிரவுசரிடமே போய்க் கேட்டிருக்கிறார். புரை ஆபரேஷன் வலிக்குமா. கண் தெரியாமல் போய்விடுமா. எத்தனை நாளில் வேலைக்குப் போகலாம். அது பௌர்ணமிக்கு முந்தின வாரம். அறை கேட்டு போன் மேல் போன். அந்தப் பரபரப்பில் ஒரு நிஜத்துக்குப் பத்து பொய் என்கிற கணக்கைப் பாய் கோட்டைவிட்டுவிட்டார். நிஜம் மட்டும் உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

பௌர்ணமி சாயங்காலம் ஹாலில் கால் வைக்க இடமில்லை. பைகளும் தண்ணீர் பாட்டில்களும் குழந்தைகளும். அம்மா சோபாவில். யாரோ ஒருவர் ரிமோட்டை எடுத்து, கிரிவலம் நேரலையில் வருகிறதா பார்க்கலாம் என்று அழுத்தினார்.

திரை முழுக்கக் கண். வரிசை வரிசையாகக் கண். வெள்ளை படர்ந்த கண், கட்டுப் போட்ட கண், நடுநடுவே ஒன்றிரண்டு ஒட்டகம். கை பட்டு ஒரு வீடியோ தானாக ஓட ஆரம்பித்தது. டி.வி. அகலத்துக்கு ஒரே ஒரு கண் உருண்டு விழித்தது. ஒரு டாக்டர் கணீரென்று சொன்னார்: "வேலை போய்விடும் என்று பயந்து சிலர் இதை மறைப்பார்கள்."

ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. நான் ரிமோட்டைத் தேடினேன்.

அம்மா டி.வி.யைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். "இன்னா பாய் இது?"

"பிரவுசரோட வேலைம்மா. வேவு பாக்குது."

"யார வேவு பாக்குது?"

"பொதுவா, எல்லாரையும்."

"கண்ணு யாருக்கு?"

பாய் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தார். அவருக்கு அப்போது தோன்றியது ஒன்றே ஒன்றுதான்.

"ஒட்டகத்துக்கும்மா" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அம்மா எழுந்து வந்து, கைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இவங்க ரூம் கேக்கறாங்க. பேரு என்னன்னு பாருங்க."

பாய் அட்டையைக் கிட்டே வைத்துப் பார்த்தார். தள்ளி வைத்துப் பார்த்தார். விளக்கு வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். பிறகு பழக்கதோஷத்தில், கம்பீரமாக, "வாய் விட்டுப் படிக்கச் சொல்லுங்கம்மா. அதான் இங்க ரூலு" என்றார்.

அது அம்மாவுடைய அட்டை. அதில் அம்மாவின் போட்டோ இருந்தது.

போர்வை, தலையணை அடுக்கி வைத்திருக்கும் அறைக்கு அம்மா பாயைக் கூட்டிக்கொண்டு போனார். பாய் என் சட்டையைப் பிடித்திருந்ததால் நானும் போனேன்.

"எத்தினி நாளா இப்படி?"

"ரம்ஜானுக்கு முன்ன இருந்தும்மா."

"ஏன் சொல்லல?"

பாய் தலையைக் குனிந்துகொண்டார். "நாற்காலி போயிடும்னு."

அம்மா கதவைச் சாத்தினார். "போன வருசம் நான் காசிக்குப் போயிட்டு வந்தேனே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கும்மா. செம்பு வாங்கிட்டு வந்து குடுத்தீங்க. வீட்ல பத்திரமா இருக்கு."

"நான் எங்க காசிக்குப் போனேன்? வேலூர்ல ரெண்டு கண்ணும் ஆபரேஷன் பண்ணிக்கினு வந்தேன். செம்பு நம்ம தேரடி வீதியில வாங்கினது. புள்ளைங்களுக்குத் தெரிஞ்சா, 'வயசாயிடுச்சு, சாவியக் குடும்மா'னு கேப்பாங்க. அதான் யார்கிட்டயும் மூச்சு விடல."

பாயின் முகத்தில் அன்று நான் பார்த்த அதிர்ச்சிக்கு முன்னால் மிக்ஸி ஜார் எல்லாம் ஒன்றுமே இல்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அம்மா, உங்க கண்ணு டி.வி.ல வரவே இல்லியே. நீங்க எதுல தேடினீங்க?"

"நான் டாக்டர்கிட்ட கேட்டேன் பாய்."

அடுத்த வாரமே பாய் வேலூர் போனார். போகும்போது அம்மா, "நாற்காலி எங்கயும் போகாது. போய்ட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினார். அவர் வரும்வரை சாயங்காலங்களில் மேஜையில் நான் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து தினமும் போன் வரும். கண் எப்படி இருக்கிறது என்று நான் கேட்பதற்குள், "பொட்டு இருக்கா சார்?" என்பார்.

கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்தவர், அதைக் கழற்றிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா சார், தலையில முடி இவ்ளோ கம்மியா இருக்கு? சொல்லவே இல்லியே." பிறகு ஒரு புதுப் பொட்டை எடுத்து, கேமராவின் நட்ட நடுவில் ஒட்டினார். இந்த முறை இம்மி பிசகவில்லை. அதைப் பார்த்து அவருக்கும் எனக்கும் கண் கலங்கிவிட்டது. "மருந்து விட்டதால தண்ணி வருது" என்றார். நான் எந்த மருந்தும் விட்டுக்கொள்ளவில்லை.

எனக்கு வேறு ஊருக்கு மாற்றலாகி வந்தாயிற்று. பாய் இப்போதும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். ஆனால் இப்போதெல்லாம் போனில் பேசவே மாட்டார், யாரோ கேட்கிறார்களாம். எனக்கு வீடியோ ஆப்பில் ஒட்டகம் வருவது மட்டும் ரொம்ப நாள் நிற்கவில்லை. "இதில் விருப்பமில்லை" என்று ஒரு தட்டு தட்டினால் போதும், நின்றுவிடும் என்று வீட்டில் சொன்னார்கள். நான் தட்டவில்லை.

போன மாதம் ஒட்டகம் தானாகவே குறைய ஆரம்பித்தது. பாயே தள்ளிப் போகிற மாதிரி எனக்குப் பகீரென்றது. அன்றிலிருந்து, காலை நாஷ்டா முடிந்ததும், ஒற்றை விரலால் நானே தேடிவிடுகிறேன்: ஒட்டகம் வளர்ப்பது எப்படி.