பத்து வினாடிக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்

திரையில் பத்து, ஒன்பது, எட்டு என்று எண் இறங்கிக்கொண்டிருந்தது. விண்டோஸா, லினக்ஸா என்று கம்ப்யூட்டர் கேட்டது. முருகையா மாஸ்டர் நாடியைத் தடவியபடி யோசித்தார். சட்டைத்துணி எடுக்கவே அவருக்கு அரை நாள் வேண்டும். எண் பூச்சியத்துக்கு வந்ததும் பெட்டி தன்பாட்டுக்கு லினக்ஸுக்குள் போய்விட்டது.

"அதுவே முடிவு பண்ணிருச்சு பாருங்க," என்றாள் மனைவி தவமணி. "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவும் இப்படித்தான் பேசாம ஒக்காந்திருந்தீங்க. எங்கப்பாதான் நாள் குறிச்சாரு."

மாஸ்டர் மடுல்சீமையில் ஒரு தோட்டப் பாடசாலையில் சமயமும் வரலாறும் படிப்பித்தார். மகள் நிரோஷினி சாதாரண தரப் பரீட்சையில் கணிதம், விஞ்ஞானம் இரண்டிலும் 'ஏ' எடுத்திருந்தாள். ஆனால் அங்கே உயர்தரத்துக்கு விஞ்ஞானப் பிரிவு இல்லை. அவர் பதுளை டவுனுக்கு மாற்றலாகிப் போனால் அவள் விஞ்ஞானம் படிக்கலாம், இல்லாவிட்டால் கலைப்பிரிவுதான். விண்ணப்பம் தட்டச்சில், பாடசாலை அதிபரின் சிபாரிசுடன், வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் கல்விக் கந்தோரில் இருக்க வேண்டும். அன்று புதன்.

கம்ப்யூட்டரை விற்ற பதுளைக் கடைக்காரர் புவாத் பழைய விண்டோஸ் ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தார். பக்கத்து குவாட்டர்ஸில் இருந்த யாழ்ப்பாணத்துக் கணித ஆசிரியர் மதுசூதனன், படிக்கிற பிள்ளைக்கு லினக்ஸ்தான் சரி என்று அதையும் பக்கத்திலேயே ஏற்றிவிட்டார். இருவர் மனமும் நோகக்கூடாது என்று மாஸ்டர் இரண்டையும் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து வீடு இரண்டு கட்சியானது. சீட்டு விளையாட்டு இருந்ததால் தவமணி விண்டோஸ். நிரோஷினி லினக்ஸ். மாஸ்டர் எந்தப் பக்கமும் இல்லை.

மூன்று பின்னேரங்கள் செலவழித்துத் தட்டிய விண்ணப்பத்தை அவர் திறந்தார். ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. ஒரு ஜே, இரண்டு கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி ஒரு ஜே என்று ஆங்கில எழுத்துகள் பக்கம் முழுக்க இறைந்து கிடந்தன.

மதுசூதனன் வந்து பார்த்தார். "ஒண்டும் பழுதாகேல்லை சேர். நீங்கள் பாவிச்ச தமிழ் எழுத்து விண்டோஸ் பக்கம்தான் கிடக்குது. இஞ்சால அது இல்லை."

"அப்ப அந்தப் பக்கம் போனா சரியா வருமா?"

"வரும். ஆனா நாளைக்கும் இதே கரைச்சல்தானே. இதிலயே யூனிகோட்டில திருப்பி அடியுங்கோ. உலகம் முழுக்கத் தெரியும்."

திருப்பி அடித்தார். உலகம் முழுக்கத் தெரிந்திருக்கலாம். விண்டோஸ் பக்கத்தில் தெரியவில்லை. அங்கே எழுத்துக்குப் பதிலாகச் சின்னச் சின்னப் பெட்டிகள், தோட்டத்து லயத்து அறைகள் மாதிரி வரிசையாக நின்றன.

புவாத்துக்குப் போன் போட்டார்.

"ஒரு வீட்டுல ரெண்ட வச்சா சண்டதான் மாஸ்டர். நான் ஒரு பொஞ்சாதிய வச்சே படுற பாடு எனக்குத்தான் தெரியும். பெட்டிய இங்க கொண்டு வாங்க. கிளீன் பண்ணி, பிரிண்டும் எடுத்துத் தாறன்."

வியாழக்கிழமை அதிபர் லீவில் புறப்பட்டார். விண்ணப்பம் இன்னும் தயாராகவில்லை என்றதும் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். அடியில் 'திரு. முருகையாவுக்குப் பதுளைக்கு மாற்றம் சிபாரிசு செய்கிறேன்' என்று ஆங்கிலத்தில் எழுதி, கையொப்பம் வைத்து, முத்திரையும் குத்தினார்.

"மேல நீங்க அடிச்சுக்குங்க மாஸ்டர். ஒரே ஒரு தாள்தான். கவனம்."

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில், கம்பளியில் சுற்றிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மாஸ்டர் பதுளைக்குப் போனார். முதலில் தட்டிய விண்ணப்பத்தை நிரோஷினி ஒரு ஃபிளொப்பியில் எடுத்துக் கொடுத்திருந்தாள். அது சட்டைப்பையில் இருந்தது.

புவாத் சொன்னபடியே துப்புரவாக்கினார். லினக்ஸ் போனது. பெட்டிக்குள் இருந்த இரண்டு விண்ணப்பங்களும் போயின. சீட்டு விளையாட்டும் போனது. புதிதாக விண்டோஸ் ஏறிக்கொண்டிருந்தபோது கரண்டும் போனது.

கரண்ட் வரும்போது மூன்றே முக்கால். கடையிலிருந்த வேறொரு கம்ப்யூட்டரில் புவாத் ஃபிளொப்பியைப் போட்டார்.

"தமிழ் வருமா?" என்று கேட்டார் மாஸ்டர்.

"வராம? பாத்துக்கிட்டு நிக்க நேரமில்ல. தாளத் தாங்க."

முத்திரை குத்திய தாள் உள்ளே போய் வெளியே வந்தது. ஜே, கே, அரைப்புள்ளி.

புவாத் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்த மெஷின்லயும் அந்த எழுத்து இல்ல போல," என்றார் புவாத். "இங்கிலீஷ் பேப்பர் மாதிரி இருக்கு. பாக்கிறதுக்கு வடிவுதான்."

மாஸ்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வேறு தாளில் அடிக்கலாம், ஆனால் அதில் சிபாரிசு இருக்காது. கடைசியில் பேனாவை எடுத்துக் கையெழுத்து வைத்தார். இன்றைய திகதி முத்திரை விழுந்தால் போதும். அதிபர் வந்ததும் நல்ல பிரதியைக் கொண்டுவந்து மாற்றிவிடலாம்.

கந்தோரில் பியோன் இராமையா தாளைப் பார்க்காமலே திகதியைக் குத்தி மாற்றல் தட்டில் போட்டார். மணி மூன்று ஐம்பத்தெட்டு.

அடுத்த வாரம், சுத்தமான தமிழில், புதிய சிபாரிசுடன் மாஸ்டர் நல்ல பிரதியைக் கொண்டுபோனார்.

"இதை வச்சுக்கிட்டு அந்தப் பழசைக் குடுங்க இராமையா. அது பிழையாப் போச்சு."

"அது மேல பெரிய ஐயாகிட்டப் போயிருச்சு சேர்." இராமையா புதியதை வாங்கிப் பார்த்தார். "இது தமிழ். தமிழ்னா அலுமாரிதான்."

"எந்த அலுமாரி?"

இராமையா திறந்து காட்டினார். கயிறு கட்டிய கட்டுகள் மேல்தட்டு வரை இருந்தன. "பெரிய ஐயாவுக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்கிறவரு வந்ததும் எடுப்பாங்க. பழையவரு பென்ஷன்ல போயி ரெண்டு வருஷமாச்சு."

"நீங்க தமிழ் வாசிப்பீங்கதானே?"

"வாசிப்பேன். பியோன் வாசிச்சா செல்லாது சேர்."

மாஸ்டர் வீடு திரும்பினார். சீட்டு விளையாட்டு போனதால் தவமணி பேசவில்லை. லினக்ஸ் போனதால் நிரோஷினியும் பேசவில்லை. மௌனம் மாஸ்டருக்கு எப்போதும் பிடித்த விஷயம். ஆனால் இந்த மௌனத்தில் அவரால் ஒரு பக்கம்கூட வாசிக்க முடியவில்லை. மகளின் மேசையில் கலைப்பிரிவுப் பாடங்களின் பட்டியல் ஒன்று கிடந்தது. அவர் அதைக் கவிழ்த்து வைத்தார்.

மூன்று வாரம் கழித்துக் கந்தோருக்கு வரச் சொல்லித் தகவல் வந்தது. பஸ்ஸில் இரண்டரை மணி நேரமும் மன்னிப்பு வாசகத்தை மனதுக்குள் திருத்திக்கொண்டே போனார்.

இராமையா வாசலிலேயே நின்றார். கையில் ஒரு கவர்.

"மாற்றல் கெடைச்சிருச்சு சேர். பதுளை டவுன்தான்."

மாஸ்டர் வாசல் வாங்குப்பலகையில் உட்கார்ந்தார்.

"பெரிய ஐயா ஒண்ணு கேட்டு வரச் சொன்னாரு. உங்க வீட்டுல என்ன கம்ப்யூட்டர்? விண்டோஸா, மத்ததா? அவரு மகனுக்கு வாங்கணுமாம்."

மாஸ்டர் யோசித்தார். பத்து வினாடி எப்போதோ கடந்துவிட்டது.

"அதை ஏன் எங்கிட்டக் கேக்குறாரு?"

"உங்க லெட்டர்ல இருந்த இங்கிலீஷ் அவருக்கே பாதி வெளங்கலையாம் சேர்," என்று கவரை நீட்டினார் இராமையா. "அதனாலதான் உங்கள டவுன் ஸ்கூலுக்கு இங்கிலீஷ் மாஸ்டராப் போட்டிருக்காரு."