யானைக்கு என்ன மதம்?

ஒரு காட்டில் கோடை வந்தால் ஒரே ஒரு ஏரியில்தான் தண்ணீர் நிற்கும். குரங்குகள் சூரியனைக் கும்பிட்டுவிட்டு அதில் குடிக்கும். வௌவால்கள் தலைகீழாகத் தொங்கி நிலாவைக் கும்பிடும். கடல் தாண்டி வந்த வாத்துகள் வடக்கே பார்த்துக் கும்பிடும். எது சரியான கும்பிடு என்று கரையில் தினமும் சண்டை. குடிக்கிற தண்ணீர் சேறானதுதான் மிச்சம்.

அதனால் காட்டு அலுவலகம் மதத்துக்கு ஒரு மணி நேரம் என்று ஏரியைப் பிரித்தது. படிவம் நிரப்பினால்தான் அட்டை. அட்டை இருந்தால்தான் தண்ணீர். முதுகு நிறையப் பேனா இருக்கிறதே என்று முள்ளம்பன்றியை எழுத்தராக வைத்தார்கள்.

மாசிலாமணி என்ற யானை வரிசையில் நின்றது. இரண்டு நாளாகச் சொட்டுத் தண்ணீர் இல்லை. துதிக்கை காய்ந்து முருங்கைக்காயாகி இருந்தது.

"மதம்?" என்றது முள்ளம்பன்றி.

யானையின் முகம் சுண்டிவிட்டது. "நாலு பேர் எதிரில் இப்படியா கேட்பது அக்கா? நான் கௌரவமான யானை."

"கட்டம் இருக்கிறது, கேட்கிறேன். உண்டா, இல்லையா?"

யானை குரலைத் தாழ்த்தியது. "போன தை மாதம் பிடித்தது. எட்டுத் தேக்கைச் சாய்த்தேன். பிறகு தானாகத் தெளிந்துவிட்டது."

"மதம் பிடித்துத் தெளிந்த ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்" என்று அதிசயப்பட்ட முள்ளம்பன்றி, 'மதம்: இல்லை' என்று எழுதியது. மதம் இல்லாதவருக்கு நேரமும் இல்லை.

"எங்களோடு சேர்ந்துவிடுங்கள் அண்ணே, தொங்கினால் போதும்" என்றன வௌவால்கள். யானை தொங்கியது. கிளை போயிற்று. "எங்களோடு வந்தால் வருஷத்துக்கு ஒரு தடவை பறக்க வேண்டும்" என்றன வாத்துகள். யானை கும்பிட்டுவிட்டுத் திரும்பியது.

தொண்டை எரிந்தது. நேரே அலுவலகத்துக்குப் போனது.

"அக்கா, பொய்யாகவே இருக்கட்டும். எனக்கு மதம் பிடித்திருக்கிறது என்று எழுதிவிடுங்கள்!"

அது கத்திய கத்தல் காடு முழுக்கக் கேட்டது. "ஐயோ, யானைக்கு மதம் பிடித்துவிட்டது!" என்று ஏரிக்கரையில் ஒரே கூச்சல்.

குரங்குகள் தலைதெறிக்க ஓடின. பறக்கத் தெரியும் என்பதையே மறந்து வௌவால்களும் வாத்துகளும் ஓடின. மேட்டுப் பாறையில் ஒன்றை ஒன்று கட்டிக்கொண்டு நடுங்கின.

"உங்கள் சாமியையும் கொஞ்சம் கூப்பிடுங்கள் அக்கா" என்று குரங்கு வாத்திடம் கெஞ்சியது. வாத்துக்குஞ்சை வௌவால் இறக்கைக்குள் மூடிக்கொண்டது. எல்லாரும் அவரவர் பாணியில் கும்பிட்டார்கள்.

கீழே யானை வயிறு முட்டக் குடித்து, குளித்து, ஏப்பம் விட்டுப் போனது. பாறையில் ஒரே ஆனந்தக் கண்ணீர்.

மறுநாளே, யார் சாமி காப்பாற்றியது என்று சண்டை ஆரம்பித்தது. முள்ளம்பன்றி கொஞ்சம் யோசித்தது. முதுகிலிருந்து ஒரு பேனாவைப் பிடுங்கி, அட்டவணையின் கடைசியில் ஒரு வரி சேர்த்தது:

'புதன் மாலை நாலு முதல் ஐந்து வரை யானைக்கு மதம். மற்றவர்கள் பாறைக்கு வரவும்.'

நீதி: எல்லா மதத்தாரும் ஒற்றுமையாக இருக்க வேண்டுமானால், வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது யாருக்காவது மதம் பிடிக்க வேண்டும்.