பெல்ட் அண்ணை ஏறிய பரண்

பெல்ட் அண்ணையைப்போல விழப் பயந்த மனிதர் பிராண்டேயில் மட்டுமல்ல, டென்மார்க் முழுவதிலும் இருந்திருக்க மாட்டார். அப்படிப்பட்டவர்தான் சனிக்கிழமை தவறாமல் மரம் ஏறினார்.

காரணம் எங்கள் தொழிற்சாலை ஃபோர்மன். அந்த டேனிஷ்காரருக்கு மான் வேட்டையில் பைத்தியம். காத்திருந்து சுட மரத்தில் பரண் கட்ட ஆள் வேண்டும். அண்ணைக்கோ ஊரிலிருந்த மனைவியையும் இரண்டு மகள்மாரையும் கூப்பிட வேண்டும். விண்ணப்பம் இரண்டு வருடமாக அமைச்சில் அசையாமல் கிடந்தது. அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் பலருடையதும் அப்படித்தான். அண்ணைக்காகக் கடிதம் எழுதி, ரெலிபோனில் சண்டை பிடித்தவர் ஃபோர்மன்.

"நான் விழுந்து செத்தால் பைலை மூடிப்போடுவாங்கள். இந்தாள் விழுந்தால் ஆர் கடிதம் எழுதுறது? ரெண்டு பேரும் விழக்கூடாது, தம்பி" என்பார் அண்ணை.

ஒருமுறை நானும் போனேன். பலாப்பழம் வாங்குகிறவர்போல அண்ணை ஒவ்வொரு மரத்தையும் தட்டிப் பார்த்தார். ஒன்று சரிவு, ஒன்றில் உளுத்த கொப்பு. பதினொரு மரம் கழிந்தது.

"அண்ணை, மரத்துக்குச் சம்பந்தம் பேசுறியளோ?"

"ஓம். காய்ஞ்ச கொப்பு இருந்தால் சம்பந்தம் சரிவராது."

பன்னிரண்டாவது மரத்தில் ஏணியைச் சாத்தி, படிக்குப் படி உலுக்கினார். தனக்கு ஒரு பெல்ட், ஃபோர்மனுக்கு ஒரு பெல்ட்; இரண்டையும் மரத்தோடு சேர்த்துக் கட்டினார். துவக்கோடு ஏற விடமாட்டார். குண்டை எடுத்துவிட்டு, பிறகு கயிற்றில்தான் அது மேலே போகவேண்டும்.

"பொலிஸைவிட மோசம் நீ" என்று ஃபோர்மன் புறுபுறுத்தார். ஆனால் கட்ட இடுப்பைக் காட்டிக்கொண்டு நின்றார்.

பிறகொரு சனிக்கிழமை தபாலில் அமைச்சின் கடிதம் வந்தது. அண்ணையும் நானும் ஒரே வீட்டில் இருந்தோம். நான் சைக்கிளில் காட்டுக்குப் பறந்தேன். இருவரும் பரணில் இருந்தார்கள். கீழே ஒரு கொம்பன் மான், ஃபோர்மன் குறிபார்த்தபடி. எனக்கு மானா முக்கியம்?

"அண்ணை! கடிதம்!"

மான் பறந்தது. ஃபோர்மன் தலையில் கைவைத்தார். அண்ணையின் முகம் வெளிறியது; அப்படியும் அவசரப்படவில்லை. துவக்கின் குண்டை எடுப்பித்தார். கயிற்றில் துவக்கை இறக்கினார். முடிச்சை அவிழ்த்தார். இரண்டு கையாலும் பிடித்து, ஒரு கால், மற்றக் கால்...

"மிச்சம் நாலடிதான், குதியுங்கோ!"

"நாலடியிலும் கால் முறியும். இப்பவோ முறிக்கிறது?"

அவர் நிலத்தை மிதிப்பதற்குள் எனக்கு ஒரு வயது கூடிவிட்டது. பிறகு ஃபோர்மன் இறங்கி வந்து கடிதத்தைப் பிரித்தார். வாசித்தார். மறுபடியும் வாசித்தார்.

"மூன்று பேரும் வரலாம்."

அண்ணை அப்படியே நிலத்துப் பாசியில் குந்திவிட்டார்.

"தம்பி, என்னைப் பிடி. விழப்போறன்."

"நிலத்திலை இருக்கிறீங்கள் அண்ணை. இனி எங்கை விழுறது?"

"தெரியாது. பிடியடா."

பிடித்தேன். மறுபக்கத் தோளை ஃபோர்மன் பிடித்தார். அவராக எழும்பும்வரை நாங்கள் இருவரும் விடவில்லை.